கம்பிக்கடி நிலம்: உயர்மின் தடமும் கேட்கப்படாத சம்மதமும்

வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் செல்லும் வழியில் ஒரு தென்னந்தோப்பு, தலையில் வகிடு எடுத்தாற்போல் நடுவே பிளந்து கிடக்கிறது. வகிட்டுக்குள் வெட்டிய தென்னைகளின் அடிக்கட்டைகள், நட்டபோது இருந்த வரிசை கலையாமல், 25 அடிக்கு ஒன்றாக நிற்கின்றன. சிலவற்றின் மேல் கறையான் மண் ஏறியிருக்கிறது. கட்டைகளுக்கு ஊடே சோளத்தட்டு விதைத்து அறுத்த தாள் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தின் இரு தோள்களிலிருந்தும் கம்பிக் கற்றைகள் அடுத்த கோபுரத்தை நோக்கித் தொய்ந்து போகின்றன. தோட்டத்துக்கார அம்மாள் வகிட்டின் குறுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பாதி தூரத்தில் நின்று சொன்னார்: "பட்டா எங்க பேர்லதானுங்க தம்பி இருக்குது. வரியும் நாங்கதானுங்க கட்டறோம். ஆனா இதுக்குள்ள ஒரு முருங்கக் குச்சி நடோணும்னாலும் மேல பாத்துட்டுத்தானுங்க நடோணும்."

பட்டா ஒருவரிடம், பயன்பாடு இன்னொருவரிடம். இந்த நிலையைச் சட்டம் எப்படி உண்டாக்குகிறது, இதிலிருந்து வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் காப்பிடங்களையும் காக்க என்ன வழி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதுவரை நடந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு விடைகளைச் சுற்றியே வந்திருக்கிறது. இழப்பீட்டைக் கூட்டுங்கள் என்பது ஒன்று. கோபுரம் வேண்டாம், கேபிளாகப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் பிந்திய கேள்விகள் என்பது என் துணிபு. நிலம் கைவிட்டுப் போவது கோபுரத்துக்குக் குழி தோண்டும் நாளில் என்று நினைக்கிறோம். வரைபடத்தில் கோடு விழும் நாளிலேயே அது போய்விடுகிறது. அன்றைக்கு நிலக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை.

தந்திக் கம்பத்துக்கு எழுதிய சட்டம்

உயர்மின் தடம் கடக்கும் நிலத்தை இந்தியாவில் அரசு கையகப்படுத்துவதில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, தந்தித் துறைக்கு 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்திருந்த அதிகாரங்களை மின்தடம் அமைப்போருக்கும் வழங்க வழிசெய்கிறது. மத்திய அரசின் பவர் கிரிட் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் 2003 டிசம்பரிலேயே அரசிதழ் அறிவிக்கை வழியாகக் கிடைத்துவிட்டது. தந்திச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, தடம் அமைப்பவர் எந்த நிலத்திலும் கம்பம் நடலாம், கம்பி இழுக்கலாம். அவருக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை மட்டும், உடைமை மாறாது. கூடியவரை குறைந்த சேதம் செய்ய வேண்டும், நேர்ந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். நிலக்காரர் மறித்தால் 16-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் அனுமதி ஆணை பிறப்பிக்கலாம். இழப்பீடு போதவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

1885-இல் இந்த ஏற்பாடு அவ்வளவு அநியாயமானதல்ல. தந்திக் கம்பம் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் தடிமன்தான் இருந்தது. ஏர் அதைச் சுற்றிப்போகும், மாட்டை அதிலேயே கட்டலாம். கம்பியின் கீழே தென்னை வளர்ந்தால் ஒரு மட்டையைக் கழித்தால் போதும். 'பயன்பாட்டு உரிமை மட்டும்' என்ற சொல் அந்த அளவுத் தீங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தீங்கு பல நூறு மடங்கு பெருத்த பின்னும் சொல் மாறவில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் மின்உரிமதாரர் பணிகள் விதிகள், நிலத்தில் கம்பி கொண்டுபோக உடைமையாளரின் முன்சம்மதம் வேண்டும் என்கின்றன. அவர் மறுத்தால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சம்மதம் என்ற கருத்து நம் மின்சாரச் சட்ட அமைப்புக்கு அந்நியமானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 164-ஆம் பிரிவின் அதிகாரம் பெற்றவரை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. பவர் கிரிட் நிறுவனத்துக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸுக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது: அத்தகைய அதிகாரம் இருந்தால் நிலக்காரரின் முன்சம்மதம் தேவையில்லை. ஆக, சின்னக் கம்பிக்குச் சம்மதம் வேண்டும், பெரிய கம்பிக்கு வேண்டாம் என்ற நிலைதான் நடைமுறையில் இருக்கிறது.

கையகப்படுத்தவில்லை என்பதால் விளைவது வெறும் சொல் வேறுபாடு அல்ல. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்த சமூகத் தாக்க மதிப்பீடு இதற்கு இல்லை. தனியார் திட்டங்களுக்கு 80 விழுக்காடு, அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காடு பாதிக்கப்படும் குடும்பங்களின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியும் இதற்குப் பொருந்தாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் மின்தடங்கள் இடம்பெறவில்லை. ஆகவே அந்த வழியில் வரும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. பத்திரம் எதுவும் பதிவாவதில்லை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் தலைக்கு மேல் போகும் கம்பி அதில் தெரியாது. விற்கப் போகும்போது மட்டும், வாங்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

69 மீட்டர் கணக்கு

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் தடம், கொங்கு நாட்டு விவசாயிகள் இந்தக் கேள்வியை எழுப்பக் காரணமான திட்டங்களில் முதன்மையானது. நீளம் ஏறத்தாழ 1,765 கி.மீ.; 6,000 மெகாவாட் மின்சாரம் கொண்டுவரும் திறன். இதனோடு புகளூரிலிருந்து அரசூர், இடையர்பாளையம், திருவலம் என்று கிளைக்கும் 400 கிலோவோல்ட் தடங்களும், திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் தடமும் சேர்ந்தன. மேற்கு மாவட்டங்களில் ஒரே காலத்தில் பல தடங்கள் வந்து இறங்கின.

800 கிலோவோல்ட் நேர்மின் தடத்துக்கு விதித்த வழித்தட அகலம் 69 மீட்டர். 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 69 மீட்டர் என்றால் 17 ஏக்கர். முழுத் தடத்துக்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 30,000 ஏக்கர். இத்தனை நிலமும் கையகப்படுத்தாத நிலம். ஓர் அணைக்கு இத்தனை ஏக்கர் எடுத்தால் நாடாளுமன்றம் வரை பேச்சு போகும். கோடாக நீட்டி எடுத்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே தன் ஒன்றரை ஏக்கருக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஒன்றரை ஏக்கரைப் பார்ப்போம். தடம் ஒரு தோப்பை 100 மீட்டர் நீளத்துக்குக் கடந்தால் 1.7 ஏக்கர் கம்பிக்கடியில் வரும். ஏக்கருக்கு 70 தென்னை என்பது வழக்கமான நடவு. ஏறத்தாழ 120 மரம். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது தோப்பில் மூன்றிலொரு பங்கு. மரத்துக்குத் தனியே இழப்பீடு உண்டு. ஆனால் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து ஆறு ஆண்டு ஆகும். வந்தபின் இரண்டு தலைமுறைக்குக் காய்க்கும். அதே இடத்தில் மறுபடி நட முடியாது. வெட்டிய மரத்துக்கு விலை தரும் கணக்கில், நட முடியாமற்போன மரத்துக்கு இடமில்லை.

நிலத்துக்கான தொகை 2015 அக்டோபர் வரை கோபுரம் நிற்கும் இடத்துக்குக்கூடச் சீராகக் கிடைக்கவில்லை. அம்மாதம் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும் கம்பிக்கடி நிலத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்று வகுத்தது. 2024 ஜூனில் அது 200 விழுக்காடு, 30 விழுக்காடு என உயர்ந்தது. 2025 மார்ச்சில் வந்த துணை வழிகாட்டுதல் நகராட்சிப் பகுதிகளில் 45, மாநகராட்சிப் பகுதிகளில் 60 என்று உயர்த்தி, கிராமப் பகுதியை 30-லேயே நிறுத்தியது. கிராமத்தில் நிலமே தொழில். கம்பி வந்தால் தொழில் குறைகிறது. நகரத்தில் நிலம் விலை. இரண்டில் எதற்குக் கூடுதல் ஈடு வேண்டும் என்பதை இந்த வழிகாட்டுதல் தலைகீழாக முடிவு செய்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நீதிமன்றங்கள் இதைவிட நுட்பமாகப் பார்த்ததுண்டு. 2007-இல் கேரள மாநில மின்வாரியம் – லிவிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே வாய்பாடு எல்லா நிலத்துக்கும் பொருந்தாது, நிலம் எங்கே இருக்கிறது, கம்பி ஓரமாகப் போகிறதா நடுவே போகிறதா, சின்னத் துண்டு நிலமா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. நடுவே போகிறதா என்ற அந்தக் கேள்வி மிக முக்கியமானது. வகிடு எடுத்த தோப்பில் சொட்டுநீர்க் குழாய் இரண்டாகிறது, வண்டித்தடம் இரண்டாகிறது. ஆனால் நீதிமன்றம் இதைக் கேட்பது இழப்பீட்டு வழக்கில். அதாவது கம்பி போன பிறகு.

புதைப்பதா, உயர்த்துவதா

2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களின் பல ஊர்களில் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்திலும் உண்ணாவிரதத்திலும் உட்கார்ந்தபோது, மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விசைத்தறியும் மோட்டாரும் ஓடும் நாடு அது. நெடுஞ்சாலையோரமாகக் கேபிள் புதைத்துக் கொண்டுபோங்கள் என்பதே கோரிக்கை. பக்கத்து மாநிலத்தை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புகளூர்–திருச்சூர் தடம் ஏறத்தாழ 165 கி.மீ.; அதில் கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்துக்குக் கேபிள் புதைக்கப்பட்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் இத்தடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, கேபிளால் வழித்தட நிலம் மிச்சமாகிறது என்பதை மத்திய அரசே அதன் சிறப்பாக எடுத்துச் சொன்னது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி இயல்பானது.

இதற்குப் பொறியியல் தரும் விடையை நேர்மையாக எடைபோட வேண்டும். மாறுமின்னோட்டக் கேபிளைப் புதைத்தால், கேபிளே ஒரு பெரிய மின்தேக்கியாக நடந்துகொள்ளும். தூரம் கூடக்கூட அதன் திறனில் பெரும்பங்கைக் கேபிளை நிரப்புவதே தின்றுவிடும். ஆகவே 400 கிலோவோல்ட் மாறுமின் தடத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புதைப்பது உண்மையிலேயே கடினம். நேர்மின் தடத்துக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கு வேறொரு வரம்பு உண்டு: திருச்சூர்த் தடத்தின் 2,000 மெகாவாட்டுக்கு 320 கிலோவோல்ட்டில் நான்கு கேபிள் தேவைப்பட்டது. 6,000 மெகாவாட்டை அதே முறையில் கொண்டுவந்தால் பன்னிரண்டு கேபிள் வேண்டும். 800 கிலோவோல்ட்டில் அப்படியே புதைக்கத்தக்க கேபிள் அன்று கைவசம் இல்லை. எனவே 2018-இல் 'முடியாது' என்று சொன்ன அதிகாரிகள் பொய் சொல்லவில்லை.

ஆனால் 2018-இல் ஏன் முடியாமற்போனது? மின்மாற்று நிலையங்களுக்கான ஒப்பந்தம் 2016 இறுதியிலேயே ஏபிபி–பெல் கூட்டுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. 800 கிலோவோல்ட், வான்வழி என்ற தேர்வு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. குறைந்த அழுத்தத்தில் இரண்டு மூன்று தடங்களாகப் பிரிக்கலாமா, மக்கள் நெருக்கமாக உள்ள கடைசி 200 கி.மீ.-க்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அன்று இடம் இருந்தது. அவற்றைக் கேட்கக்கூடியவர்களுக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. அளவுக்கல் நடப்பட்ட நாளில்தான் தெரிந்தது. தொழில்நுட்பம் கதவை அடைத்தது என்பதைவிட, கதவு திறந்திருந்த காலத்தில் எவரையும் உள்ளே விடவில்லை என்பதே சரி.

ஜெர்மனியின் சூட்லிங்க் தடத்தை இதோடு ஒப்பிடலாம். வடகடல் காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே பவேரியாவுக்கும் பாடன்–வூர்ட்டம்பர்க்குக்கும் கொண்டுபோகும் 700 கி.மீ. நேர்மின் தடம் அது, 4,000 மெகாவாட். கோபுரங்களுக்கு எதிர்ப்பு வலுத்ததும், நேர்மின் தடங்களில் புதைகேபிளுக்கே முன்னுரிமை என்று 2015 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: 2022-இல் முடிய வேண்டிய தடம் 2028-க்குத் தள்ளிப்போனது, செலவு 1,000 கோடி யூரோ அளவுக்கு ஏறியது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அங்கே விவசாயிகள் பலர் புதைகேபிளையே எதிர்த்தார்கள். ஆழத் தோண்டினால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும், கனரக வண்டிகள் மண்ணை இறுக்கிவிடும், கேபிளின் சூடு ஈரத்தை உறிஞ்சும் என்பது அவர்கள் அச்சம். எனவே புதைப்பது எல்லா நிலத்துக்கும் மருந்தாகிவிடாது. கொங்கு விவசாயிகள் வயலின் நடுவே புதைக்கச் சொல்லவில்லை, சாலையோரமாகப் புதைக்கச் சொன்னார்கள் என்பதன் கூர்மை இங்கேதான் விளங்குகிறது. 2013-இல் கெயில் எரிவாயுக் குழாய் ஏழு மாவட்ட விளைநிலங்களின் வழியே வந்தபோதும் அவர்கள் இதையேதான் கேட்டார்கள். அன்று மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அந்த நிலைப்பாடு தோற்றது.

உடல்நலம் பற்றி ஒரு குறிப்பு

போராட்டக் களங்களில் மாறுமின் கம்பிக்கடியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்து நின்றார்கள். இணைப்பில்லாமலே அது மங்கலாக எரிந்தது. அது உண்மையான காட்சி. மாறுமின்புலம் குழலுக்குள் இருக்கும் வாயுவைத் தூண்டுவதால் அப்படி எரிகிறது. அதிலிருந்து புற்றுநோய் வரும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் தாழ்அதிர்வெண் காந்தப்புலத்தைப் 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்' என்ற 2பி வகையில் சேர்த்தது; நேர்மின் தடங்களில் எழும் நிலைப்புலத்தை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. ஐயம் முற்றிலும் நீங்கவில்லை, நிறுவப்படவும் இல்லை. விவசாயிகளின் வழக்கு இந்த வாதத்தில் சாய்ந்து நிற்பதை நான் விரும்பவில்லை. நில வழக்கு தன் காலிலேயே நிற்கும் வலுவுள்ளது. நிறுவ முடியாத ஒன்றை முன்னே வைத்தால், நிறுவ முடிந்ததையும் எதிர்த்தரப்பு சேர்த்துத் தள்ளிவிடுகிறது.

காப்புநிலமும் கொரங்காடும்

மின்தடத்துக்குப் பாதை தேடும் பொறியாளருக்கு முன்னே இரண்டு நிலங்கள் இருக்கின்றன. காடு என்றால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும். ஆண்டுகள் பிடிக்கும். பட்டா நிலம் என்றால் தந்திச் சட்டம் போதும். வளைவு ஒவ்வொன்றுக்கும் கனமான திருப்புக் கோபுரம் வேண்டும், அதற்குச் செலவு அதிகம் என்பதால் கோடு கூடியவரை நேராகப் போகும். காட்டைக் கண்டால் மட்டும் விலகும். காட்டுக்கு நாம் கட்டிய வேலி, கோட்டைத் தள்ளித் தள்ளி வயலில் கொண்டுவந்து போடுகிறது. காட்டுக்கு அந்த வேலி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. வேலியற்ற நிலத்தின் மேல்தான் முழுச் சுமையும் இறங்குகிறது என்பதே நான் சொல்வது.

வேலி இருந்தும் நிலம் தப்பாத இடமும் உண்டு. ராஜஸ்தானின் தார்ப் புல்வெளியில் கானமயில் வாழ்கிறது. எஞ்சியவை 150-க்கும் குறைவு. கனத்த உடல், பக்கவாட்டில் விரிந்து முன்புறம் குறுகிய பார்வை. பறக்கும்போது எதிரே வரும் கம்பி தெரியாது, தெரிந்தாலும் சட்டென்று விலக முடியாது. கம்பிகளில் மோதி இறப்பதே இப்பறவையின் அழிவுக்குப் பெருங்காரணம் என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் சுட்டியது. எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் 2021 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் அப்பகுதிகளில் குறைந்த அழுத்தக் கம்பிகளைப் புதைக்கவும், உயரழுத்தத் தடங்களைப் புதைக்க முடியுமா என ஆராயவும் ஆணையிட்டது. அரசு திரும்ப வந்தது: சூரிய மின்சாரத்தை வெளியே கொண்டுவர வழியில்லாமல் போகும், உயரழுத்தத் தடங்களைப் புதைப்பது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை. 2024 மார்ச் 21 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, ஏறத்தாழ 99,000 சதுர கி.மீ.-க்கு விதித்திருந்த பொதுத் தடையை விலக்கி வல்லுநர் குழு அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை முதன்முறையாக அரசியலமைப்பு உரிமையாக அறிந்தேற்றதும் இதே தீர்ப்புதான். ஜெய்சால்மரில் பறவைக்குச் சொன்ன விடையும் காங்கயத்தில் விவசாயிக்குச் சொன்ன விடையும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டு இடத்திலும் கேள்வி எழுந்தது, கோடு விழுந்த பிறகு.

காங்கயம் வட்டாரத்தில் மூன்றாவது வகை நிலம் ஒன்று உண்டு. எந்தச் சட்டத்துக்கும் அதன் பெயர் தெரியாது. கொரங்காடு. மழை குறைந்த செம்மண் நிலத்தை முள்கிளுவை வேலியால் வளைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் விட்டு வளர்க்கும் தனியார் மேய்ச்சல் காடு. கிளுவைப் போத்தை மழைக்கு முன் நெருக்கமாக நட்டால் இரண்டு மூன்று ஆண்டில் ஆடு நுழையாத வேலியாகும். கோடையில் புல் காய்ந்ததும் வெள்வேலங்காய் உதிரும். மாடு அதைத் தின்னும், சாணத்தோடு விதை விழும், அடுத்த மழைக்கு முளைக்கும். மாட்டை மாற்றி மாற்றி அடைத்துப் புல்லைக் காப்பதும் உண்டு. காங்கயம் மாட்டினத்தை வளர்த்தது இந்த நிலம். கவுதாரிக்கும் உடும்புக்கும் இதுவே இடம். வனத்துறைக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் குடும்பங்கள் தலைமுறையாகக் காத்துவரும் காப்புநிலம் இது.

வருவாய்ப் பதிவேட்டில் இது புஞ்சை. வழிகாட்டி மதிப்பு குறைவு. எனவே இழப்பீடும் குறைவு. வீடில்லை, கிணறில்லை, தென்னையில்லை. பாதை தேடுபவர் கண்ணுக்கு இது காலி நிலம். கம்பிக்கடியில் வெள்வேல மரத்தை வளரவிட முடியாது. மரமில்லாத கொரங்காட்டில் கோடைக்குக் காயில்லை, மாட்டுக்கு நிழலில்லை. புல் மட்டும் போதுமே என்பவர்கள் ஏப்ரல் மாதம் ஒருமுறை அங்கே வந்து பார்க்க வேண்டும்.

சம்மதம் கேட்ட ஓர் இடம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2010-இல் 'நார்தர்ன் பாஸ்' திட்டம் அறிவிக்கப்பட்டது. கனடாவின் கியூபெக் நீர்மின்சாரத்தை 192 மைல் தடம் வழியே தெற்கே கொண்டுபோவது நோக்கம். வடகோடியில் கூஸ் கவுண்டிக் காட்டுநிலங்களின் வழியே புதிய தடம் வேண்டியிருந்தது. 2012-இல் அம்மாநிலச் சட்டமன்றம், மின்வலையின் நம்பகத்துக்கு அவசியமல்லாத தடத்துக்காகத் தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுக்க முடியாது என்று சட்டம் இயற்றியது. அதற்குப் பின் நிறுவனம் நிலத்தை விலைக்கு வாங்கியோ சம்மதம் பெற்றோதான் போக முடிந்தது. நியூ ஹாம்ப்ஷயர் காடுகள் பாதுகாப்புச் சங்கம் பொதுமக்களிடம் பணம் திரட்டி, பால்சம்ஸ் விடுதிக்குச் சொந்தமான 5,800 ஏக்கரின் மேல் என்றைக்கும் மாறாத காப்புப் பத்திரம் எழுதி வாங்கியது. நிலம் உடையவரிடமே இருக்கும், காடு காடாகவே இருக்கும், கோபுரம் வராது. அங்கே அப்படி ஒரு பத்திரத்துக்கு இருந்த வலு இங்கே 164-ஆம் பிரிவுக்கு முன்னால் எந்தப் பத்திரத்துக்கும் இல்லை.

திட்டம் ஒயிட் மலைத் தேசியக் காட்டுப் பகுதி உட்பட 60 மைலைப் புதைக்க ஒப்புக்கொண்டது. 2018 பிப்ரவரி 1 அன்று மாநிலத் தள மதிப்பீட்டுக் குழு ஒருமனதாக அனுமதி மறுத்தது. 2019 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கோடு அதோடு அழிந்துவிடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் அதே கியூபெக் மின்சாரத்துக்காகப் பக்கத்து மெய்ன் மாநிலத்தின் தடத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கே 2021 நவம்பரில் வாக்கெடுப்பில் மக்கள் மறுத்தார்கள். 2022-இல் நீதிமன்றம் தலையிட்டது, அடுத்த ஆண்டு வேலை மீண்டும் தொடங்கியது. ஓர் இடத்தின் சம்மத உரிமை சுமையை அண்டை நிலத்துக்கு நகர்த்தக்கூடும் என்ற இந்த எதிர்வாதத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். அதற்கு விடை, சம்மதத்தை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கேட்பதுதான். ஓரிடத்தில் கேட்டு இன்னோரிடத்தில் கேட்காமல் விட்டால், கேட்காத இடத்துக்கே கோடு போகும்.

கேட்கும் காலம்

இங்கே என்ன மாற வேண்டும் என்பது எழுதுவதற்கு எளிது. தடத்தின் மின்னழுத்தமும் முறையும் முடிவாவதற்கு முன் மாற்றுப் பாதைகள் குறைந்தது இரண்டு மூன்று வரையப்பட்டு, புல எண் வாரியாகக் கிராம சபைகளின் முன் வைக்கப்பட வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அட்டவணையில் நீண்ட மின்தடங்கள் சேர வேண்டும். கம்பிக்கடி நிலத்துக்கு ஒருமுறைத் தொகைக்குப் பதில், மின்சாரம் ஓடும்வரை ஆண்டு வாடகை கிடைக்க வேண்டும். தடம் அமைத்தவர் ஆண்டுதோறும் கட்டணம் வாங்கும்போது நிலம் தந்தவருக்கு மட்டும் ஒருமுறை என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கொரங்காடு போன்ற நிலங்களை அவற்றின் பெயராலேயே பதிவேட்டில் எழுத வேண்டும்.

இவற்றைச் செய்யும் வாய்ப்பு அண்மையில் ஒருமுறை வந்துபோனது. தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனது. 2023-இல் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றி 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வழிசெய்தது. ஆனால் அதன் மூன்றாம் பகுதி மட்டும், மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்கீழ் மின்தடங்கள் அமைப்பதற்காகத் தொடர்ந்து செல்லும் என்று விதிவிலக்கு எழுதிவைத்தது. தந்திக்காகப் பிறந்த சட்டத்தில் நாடாளுமன்றம் உயிரோடு விட்டுவைத்தது, தென்னந்தோப்புக்குள் நுழையும் அதிகாரத்தை மட்டுமே.

அந்த அம்மாளிடம் புறப்படும் முன் கேட்டேன்: "கல் நடுறதுக்கு முன்னாலயே உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கம்மா?" அவர் யோசிக்கவில்லை. தோப்புக்குத் தெற்கே, அரை மைல் தள்ளிக் கருத்துக் கிடந்த பாறைக் கரட்டைக் கைகாட்டினார். "அந்தக் கரட்டோரமா வளச்சுக் கொண்டுபோகச் சொல்லியிருப்பனுங்க தம்பி. அங்க ஒரு மரம் இல்லீங்க."